பதினேழாம் இலக்க வயிறு

அபுல் ஹஸனுக்குக் குளிசை விழுங்க வராது. சின்ன வயதில் காய்ச்சல் கண்டபோது வாப்பா குளிசையை வாழைப்பழத்துக்குள் ஒளித்துக் கொடுத்தார். பழம் உள்ளே போனது, குளிசை வெளியே வந்தது. முப்பத்தைந்து வயதாகியும் அந்தத் தொண்டை திருந்தவில்லை. இது ஊரில் எவருக்கும் தெரியாத, எவருக்கும் தேவையுமில்லாத சங்கதி. குடல்நல மேம்பாட்டு அதிகாரசபை என்று ஒன்று கல்முனைக்கு வந்திராவிட்டால் அந்த இரகசியம் அவனோடு மையவாடிக்குப் போயிருக்கும்.

சபை வந்த கதை சுருக்கமானது. எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி கரையோரத்துக் கூரைகளைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகு எங்கெங்கோ இருந்து உதவிகள் வந்தன. கம்பளிச் சட்டை வந்தது. வியர்வையில் குளிக்கிற ஊர் அதைத் தலையணைக்குள் அடைத்துக்கொண்டது. பிறகு பெயர் வாயில் நுழையாத ஒரு நாட்டிலிருந்து கப்பல் நிறையக் குளிசை வந்தது. குடலுக்கு நன்மை செய்கிற கிருமிகள் அதற்குள் உயிரோடு இருக்கின்றனவாம். தினமும் ஒன்று விழுங்கினால் வயிறு ஆயுள் முழுக்க முறைப்பாடு செய்யாதாம். கூரை கேட்டவர்களுக்கு இரண்டு வருசம் கழித்துக் குளிசை கிடைத்தது. குளிசை இருந்தால் கொடுக்க ஆள் வேண்டும், ஆளுக்கு மேசை வேண்டும், மேசைகளுக்கு ஒரு பணிப்பாளர் வேண்டும். இப்படித்தான் சபை உண்டானது.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பழைய நெல் களஞ்சியம்தான் அலுவலகமும் குளிசைக் கிடங்கும். காலையில் மாவைக் குழைத்து உள்ளே வைத்தால் பின்னேரம் பாண் எடுக்கலாம், அப்படி ஒரு சூடு. குளிசை வந்த தகர ரின்களில் இருந்த வெளிநாட்டு எழுத்தை ஒருவராலும் வாசிக்க முடியவில்லை. ஆனால் ஒவ்வொரு ரின்னிலும் நீல நிறத்தில் ஆறிதழ்ப் பூ ஒன்று பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. பணிப்பாளர் காலிதீனுக்கு அந்தப் பூ பிடித்துப்போனது.

"சபைக்கு ஒரு சின்னம் வேணும். இதவிட வேற என்ன வேணும்?" என்றார். "ஆறு இதழ், ஆறு உறுப்பு. வாய், தொண்டை, இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல்..." ஆறாவதைச் சொல்லாமல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

பூ பெயர்ப்பலகையில் ஏறியது, கடிதத் தலைப்பில் ஏறியது, நாற்பது உத்தியோகத்தர்களின் சட்டைப் பையிலும் ஏற வேண்டியதாயிற்று. அந்தச் சட்டைகளைத் தைக்கிற வேலைதான் அபுல் ஹஸனைப் பிடித்த சனியன். அவன் தையற்காரன். வீட்டு முன்னறையில் மெஷின் வைத்திருந்தான்.

களக்குடல் உத்தியோகத்தர் என்ற பதவியில் இருந்த மர்சூக் துணிக்கட்டோடு வந்தான். வயதில் இளையவன், அபுல் ஹஸனை அண்ணன் முறையில் 'நானா' என்பான். "நாப்பது சட்டை நானா. ஓடர் உங்களுக்குத்தான். ஆனா பணிப்பாளர் ஒரு சின்னக் கதையும் சொன்னார். பரிசோதனைக்கு வயிறு முப்பது வேணுமாம். பதினாறு புடிச்சிட்டன். பதினேழாவது நீங்க."

"எனக்குக் குளிசை..." என்று தொடங்கிய அபுல் ஹஸன் துணிக்கட்டைப் பார்த்தான். நாற்பது சட்டை. வாயை மூடிக்கொண்டான். அவன் செய்த பிழையெல்லாம் அந்த ஒரு மூடலில் தொடங்கியது என்று சொல்லலாம்.

முறை இதுதான். காலை பத்து மணிக்கு முப்பது பேரும் வரிசையில் நிற்க வேண்டும். ஒரு குளிசை, இரண்டு மிடறு தண்ணீர். தொண்டை ஏறி இறங்குவதை மர்சூக் பார்ப்பான். பிறகு நாக்கை நீட்டச் சொல்வான். 'நாக்கு பரிசோதிக்கப்படும்' என்று சுற்றுநிருபத்தில் இருந்தது. கன்னத்தைப் பற்றி அதில் ஒன்றுமில்லை, ஆகவே கன்னத்தை ஒருவரும் பார்க்கவில்லை. தையற்காரன் வாய் என்றால் சும்மாவா? குண்டூசியையும் பொத்தானையும் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு வாடிக்கையாளரோடு அரை மணித்தியாலம் அரசியல் கதைக்கிற வாய் அது. குளிசை கன்னத்துக்குள் போய்ப் படுத்தது. நாக்கு வெறுமையாக வெளியே வந்தது. அபுல் ஹஸன் பதிவேட்டில் 'விழுங்கினேன்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

அதன்பின் கேள்வி. நேற்று எத்தனை தடவை, என்ன நிறம். நிறத்துக்கு வெளிநாட்டில் அச்சடித்த அட்டை ஒன்று இருந்தது. ஏழு நிறம். சங்கோசப்படுகிறவர்கள் விரலால் தொட்டுக் காட்டலாம். எல்லாரும் மரியாதைக்கு ஒரே நிறத்தைத் தொட்டதில் அந்தக் கட்டம் ஒரே மாதத்தில் அழுக்கேறி வேறு நிறமாகிவிட்டது.

மருந்தை எறிவது வீண்விரயம் என்று, வீட்டுக்கு வந்ததும் குளிசையைத் துணியில் ஒற்றி, உடைந்த பொத்தான் போடுகிற பிஸ்கற் ரின்னுக்குள் போட்டான். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். நாளைக்குச் சொன்னால் இன்றைய கையெழுத்து பொய்யாகிவிடும் என்று மறுநாள் நினைத்தான். பொய்க்குக் காவலிருக்க இன்னொரு பொய்யை நிறுத்த வேண்டியிருந்தது. ரின் நிறையத் தொடங்கியது.

அவன் வயிறு மட்டும் நன்றாகத்தான் இருந்தது. அதற்குக் காரணம் மாமி.

அந்தப் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது பெற்றவர்களின் கடமை. மாமி சபூறா விதவை. எருமைத் தயிர் விற்று, கல் கல்லாக அடுக்கி, மூத்தவள் றபீக்காவுக்கு ஒரு கல்வீடு கட்டி, அதற்குள் அபுல் ஹஸனைக் கொண்டுவந்து வைத்தவர். கட்டி முடித்ததும் தான் பின்வளவில் இருந்த இரண்டு அறைக் குடிலுக்கு இளையவள் சுல்பிகாவோடு போய்விட்டார். இப்போது சுல்பிகாவின் வீடு பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்தது. சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது. அதுவும் தயிர்தான்.

விடியச் சுபஹு நேரம் எருமைப் பட்டியிலிருந்து பால் வரும். காய்ச்சி, ஆறவைத்து, நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து உறை குத்திச் சட்டிகளில் ஊற்றுவார். சூறாவளி அன்று கூரை போனபோது நகையைத் தேடாமல் உறைச் சிரட்டையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை குந்தியிருந்த மனுசி. கொழும்பில் சாப்பாட்டுக்கடைச் சோறு தின்று வயிறு புண்ணாகி வந்த அபுல் ஹஸனை, இந்தத் தயிர்தான் ஒரு வருசத்துக்குள் மனிதனாக்கியது.

மருமகன் முன்னால் மாமி வருவதில்லை. அந்த வீட்டு ஒழுங்கு அப்படி. கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வது போலத்தான் அவனோடு கதைப்பார்.

"றபீக்கா, மருமகனுக்கு இன்னொரு கரண்டி ஊத்து புள்ள. குளிசை குடிக்கிற மனிசன். உடம்பு சூடா இரிக்கும்."

அபுல் ஹஸன் தலையைக் குனிந்து தயிர்ச்சோற்றைப் பிசைவான். சோறு இனிக்கும். மனசு புளிக்கும்.

மற்ற இருபத்தொன்பது வயிறுகளின் நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. ஒருவருக்குப் பொருமல், ஒருவருக்குப் போக்கு, மூன்று பேருக்கு ஒன்றும் நடக்கவில்லை. பதினேழாம் இலக்கத்துக்கு நேரே மட்டும் தினமும் 'நன்று'. மாத முடிவில் பணிப்பாளர் பதிவேட்டைப் புரட்டி, அந்த வரிசையின் கீழ் சிவப்பு மையால் கோடு போட்டார்.

அப்படியிருக்க ரமழான் வந்தது. காலை பத்து மணிக்கு நோன்பாளி எப்படிக் குளிசை விழுங்குவது? சபையில் இரண்டு நாள் கூட்டம் நடந்தது. மூன்றாம் நாள் சுற்றுநிருபம் வந்தது: 'புனித மாதத்தில் காலை பத்து மணியானது மாலை நோன்பு திறக்கும் நேரத்துக்கு இடமாற்றம் செய்யப்பட்டுள்ளது.' ஆளை இடமாற்றம் செய்கிற சபைக்கு நேரத்தை இடமாற்றம் செய்வதா பெரிய வேலை? முப்பது பேரும் பின்னேரம் களஞ்சியத்துக்குள் பாயில் வரிசையாக அமர்ந்தார்கள். முன்னால் கஞ்சிக் கோப்பை. வெறும் வயிற்றில் முதலில் குளிசைதான் போக வேண்டும் என்றார் பணிப்பாளர். பேரீச்சம்பழத்தால் திறப்பதுதான் நபி காட்டிய சுன்னத்து என்றார்கள் சனங்கள். கடைசியில் வலது கையில் பழம், இடது கையில் குளிசை, பாங்கு சொன்னதும் இரண்டும் ஒரே நேரத்தில் என்று சமாதானமாயிற்று. சூரியன் மேற்கே விழுந்து மஃரிபு பாங்கு கேட்கும்போது மர்சூக் பதிவேட்டில் 'மு.ப. 10.00' என்று எழுதினான்.

அந்த முப்பது நாளும் அபுல் ஹஸனுக்கு நரகம். பகல் முழுக்கப் பசித்திருந்து சேர்த்த நன்மையை மாலையில் ஒரு கையெழுத்தில் கரைத்தான். ஒருநாள் இன்றைக்கு விழுங்கியே தீருவது என்று பிஸ்மி சொல்லிக் குளிசையைத் தொண்டைக்குள் தள்ளினான். கண் பிதுங்கிக் கஞ்சி மூக்கால் வந்தது. குளிசையும் வந்தது. மர்சூக் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு, குறிப்புக் கட்டத்தில் 'ஆர்வ மிகுதி' என்று எழுதினான்.

பெருநாள் கழிந்து ஒரு மாதம் போனது. சபை 'குடல் வாரம்' கொண்டாடத் தீர்மானித்தது. ஊர்வலத்தில் ஒரு குடலைக் கொண்டுபோக வேண்டும் என்பது பணிப்பாளரின் ஆசை. மருதமுனைத் தறித் துணியில் இளஞ்சிவப்பாக இருபத்தெட்டு அடி நீளத்துக்கு ஒரு குழாய் தைத்து, இலவம்பஞ்சு அடைத்துக் கொடுத்தவன் அபுல் ஹஸன். அதைத் தூக்குகிறவர்களுக்கிடையே வந்தது சண்டை. வாய்ப்பக்கம் யார், வால்பக்கம் யார்? பதவி மூப்பின்படி என்று முடிவானது. முதலாம் வகுப்பு உத்தியோகத்தர்கள் முன்னால் பிடித்தார்கள். மர்சூக்குக்குக் கிடைத்தது கடைசி முனை. அவன் அதை முகத்தைத் திருப்பிக்கொண்டு தூக்கிப்போனான். குடலின் தலை மேடையடிக்கு வந்தபோது வால் இன்னும் சந்தைச் சந்தியில் ஒரு மாட்டு வண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தது.

மேடையில் அபுல் ஹஸனுக்கு மாலை போட்டு 'கரையோரத்தின் முன்மாதிரி வயிறு' என்ற பட்டம் கொடுத்தார்கள். பெண்கள் பக்கத்தில் றபீக்காவும் சுல்பிகாவும் மாமியும் இருந்தார்கள். மருமகனுக்கு மரியாதை செய்கிற சபைக்குச் சும்மா வரலாமா என்று, மாமி பணிப்பாளருக்குக் கொடுக்க ஒரு சட்டித் தயிர் கொண்டுவந்திருந்தார். வெள்ளைத் துணியால் வாய்கட்டிய சட்டி அவர் மடியில் இருந்தது.

பணிப்பாளர் பேசினார்.

"பெரியோர்களே, இந்தச் சபை வருவதற்கு முன்பும் இந்த ஊரில் வயிறுகள் இருந்தன. ஆனால் அவை நிர்வாகமற்ற வயிறுகள். மக்கள் உண்டார்கள், செரித்தார்கள், எழும்பிப் போனார்கள். எவரும் பதியவில்லை. பதியப்படாத சமிபாட்டைச் சமிபாடென்று எப்படிச் சொல்வது? இதற்கு முன் நான் கயிறு அபிவிருத்தியில் இருந்தேன். வயிற்றைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதுவே என் பலம். தெரிந்தவன் சந்தேகப்படுவான், தாமதிப்பான். நான் தாமதிக்கவில்லை. அபுல் ஹஸன் என்ற ஒரே வயிற்றை நம்பி இன்று ஒரு துணைச்சட்டத்தை அறிவிக்கிறேன். குளிசைக் கிருமிக்குப் பதிவு உண்டு. மண்சட்டித் தயிரில் இருக்கிற கிருமிக்கு என்ன பதிவு? யார் அதற்குப் பொறுப்பு? பதிவில்லாத கிருமி எவ்வளவு நல்லதானாலும் அது வழிப்போக்கன்தான். ஆகவே இன்று முதல் இந்தக் கரையில் மண்சட்டித் தயிர் விற்பது தடை செய்யப்படுகிறது."

கைதட்டினார்கள். மேடையில் மாலையோடு நின்ற அபுல் ஹஸன் பெண்கள் பக்கம் பார்த்தான். மாமியும் கைதட்டிக்கொண்டிருந்தார். மடியில் சட்டி இருந்ததால் மெதுவாகத் தட்டினார். பேச்சு ஒலிபெருக்கியில் இரைந்ததில் விளங்கவில்லையோ, விளங்கியும் மருமகனுக்காகத் தட்டினாரோ, அவனுக்குத் தெரியவில்லை. இரண்டாவதாக இருக்கக்கூடாது என்று அல்லாஹ்விடம் கேட்டான்.

துணைச்சட்டத்தின்படி கைப்பற்றப்பட்ட முதல் சட்டி அதுதான். சான்றுப்பொருளை உத்தியோகத்தர்கள் பின்னேரம் சீனி போட்டு முழுமையாகப் பரிசோதித்தார்கள். கழுவிய சட்டியை வழக்குக் கோவையோடு சேர்த்து அலுமாரியில் வைத்தார்கள்.

மறுநாள் பால் கொண்டுவந்த பட்டிக்காரன் றஸாக்கை மாமி பாதிப் பாலோடு திருப்பி அனுப்பினார். அடுத்த கிழமை அவனை வரவேண்டாம் என்றார். மேசன் வரவில்லை. சுல்பிகாவின் சுவர் யன்னல் மட்டத்தில் நின்றது. நிந்தவூரிலிருந்து வந்துகொண்டிருந்த மாப்பிள்ளைப் பேச்சு, வீடு முடியட்டும் பார்ப்போம் என்ற இடத்தில் நின்றது. மாமி ஒரு போத்தல் பால் மட்டும் வாங்கி ஒரு சின்னச் சட்டியில் தயிர் போட்டார். அது முழுக்க மருமகனுக்கு.

"உம்மா, ஊருக்கு இல்லாத தயிர் எதுக்கு?" என்றாள் றபீக்கா.

கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "விக்கத்தானே தடை. அவர்ட கோப்பையில குறைக்கப்படாது புள்ள. சபையில பேரெடுத்த மனிசன்."

அபுல் ஹஸன் எச்சில் கையோடு எழும்பிக் கிணற்றடிக்குப் போனான். மாமி திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். தயிரைக் கொட்டியிருந்தால் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். அவர் கட்டிய வீட்டில் படுத்து, அவர் தயிரைத் தின்று, அந்தத் தயிரின் நன்மையைக் குளிசையின் பெயரில் எழுதிக் கொடுத்து, அவர் சட்டியை உடைத்தவன் நான் என்று நினைக்க நினைக்க அவனுக்கு அழுகை வந்தது. நாய்க்கும் சோறு போட்டவரைத் தெரியும்.

அடுத்த நாள் பிஸ்கற் ரின்னை எடுத்துக்கொண்டு சபைக்குப் புறப்பட்டான். தொண்டை வறண்டு போய் வழியில் அச்சிமுகம்மதின் குளிர்பானக் கடையில் ஏறினான். புதிதாக வந்த குளிர்ப்பெட்டியின் கதவில் அதே நீல ஆறிதழ்ப் பூ இருந்தது.

"இது என்ன பூ காக்கா?" என்று கடைக்கார மூத்தவரைக் கேட்டான்.

"பூவா? அது பனி. வெளிநாட்டுல வானத்தால உழுற ஐஸ். குளிர்ல வைக்கோணும் எண்டுறதுக்கு அடையாளம்" என்றார் அச்சிமுகம்மது. "சவூதியில இருந்து மகன் எழுதியிருந்தான்."

தகரக் கூரைக் களஞ்சியத்தை நினைத்தபோது அபுல் ஹஸன் கையிலிருந்த சோடாவைக் குடிக்க மறந்தான்.

சபையில் மர்சூக் அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு இறாக்கைகளில் தேடினான். "குடிச்சது கூடிப்போச்செண்டு சொல்லப் படிவம் இரிக்கி நானா. குடிக்க மறந்ததுக்கும் இரிக்கி. குடிக்கவே இல்லயெண்டு கையெழுத்துப் போட்டவரே வந்து சொல்றதுக்குப் படிவம் இல்ல. நீங்க பணிப்பாளருக்கிட்டயே போங்க."

பணிப்பாளர் முன்னால் ரின்னைக் கவிழ்த்துக் கொட்டினான். குளிசையும் உடைந்த பொத்தானும் மேசையெங்கும் உருண்டன. "சேர், நான் ஒண்டையும் முழுங்கல்ல. எல்லாம் இதுக்க இரிக்கி. என்ட வயிறு நல்லா இரிக்கிறது எங்கட மாமிட தயிரால. நான் போட்ட கையெழுத்தெல்லாம் பொய். அந்தத் தடைய எடுத்துடுங்க. என்னப் பொலிசில குடுத்தாலும் காரியமில்ல."

பணிப்பாளர் கோபப்படவில்லை. மர்சூக்கைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னார். பொத்தான்களைப் பிரித்துவிட்டு மூன்று தடவை எண்ணினான். பதிவேட்டில் நூற்று எண்பத்தொன்று. மேசையில் நூற்று எழுபத்துமூன்று.

"எட்டுக் குறையுது" என்றார் பணிப்பாளர். கண் மெல்ல விரிந்தது. "அப்ப எட்டுக் குளிசை உள்ள போயிரிக்கி."

"இல்ல சேர். எங்கயும் உழுந்திருக்கும்."

"எட்டே எட்டுக் குளிசையில இப்பிடி ஒரு வயிறா? மர்சூக், இது பெரிய கண்டுபிடிப்பு. நூத்தி எண்பது கொடுக்கிற இடத்தில எட்டுக் கொடுத்தாக் காணும். கொழும்புக்கு அறிக்கை எழுதணும். அபுல் ஹஸன், இந்த நாட்டுக்கு நீங்க செஞ்ச சேவை உங்களுக்கே விளங்கல்ல."

"சேர், அந்தப் பூ... அது பூவில்ல. குளிர்ல வைக்கச் சொல்ற அடையாளம். குளிர்ப்பெட்டியிலயும் இரிக்கி."

பணிப்பாளரின் முகம் இப்போதுதான் மாறியது. "எங்கட சின்னத்தையா? குளிர்ப்பெட்டிக் கொம்பனிக்காரன் களவெடுத்திட்டானா? மர்சூக், அவனுக்கும் ஒரு கடிதம்."

தயிரைப் பற்றி மட்டும் அவர் சற்று யோசித்தார். நியாயமான மனிதர் என்று பேரெடுக்க ஆசைப்பட்டவர். மாமியின் தயிரில் ஒரு சிறு போத்தல் எடுத்துக் கொழும்புக்கு ஆய்வுக்கு அனுப்பினார். மூன்று கிழமையில் பதில் வந்தது. குளிசைக் கிருமி எந்த இனமோ, தயிரிலும் அதே இனம்தான், தயிரில் அது உயிரோடு கோடிக்கணக்கில் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அபுல் ஹஸன் இதைக் கேட்டு நிலத்தில் நெற்றி வைத்துச் சுஜூது செய்தான். அல்லாஹ் உண்மையை வெளியே கொண்டுவந்துவிட்டான் என்று நினைத்தான்.

அதிகாரசபைக்கு உண்மை வேறு மாதிரி விளங்கியது. சபையின் கிருமிகள் சபூறாவின் சட்டிக்குள் எப்படிப் போயின? அந்த வளவில் சபையோடு தொடர்புள்ள ஆள் ஒருவன்தான். எட்டுக் குளிசையின் கிருமிகள் அவன் வழியாகத்தான் தயிருக்குள் போயிருக்க வேண்டும். எந்த வழியாக என்பதை அறிக்கை நாகரிகம் கருதித் தவிர்த்திருந்தது.

மர்சூக் ஒரு பத்திரத்தோடு வீட்டுக்கு வந்தான். முன்னறையில் மெஷின் பலகையில் வைத்துப் படித்துக் காட்டினான். 'சபூறா ஆகிய நான், எனது தயிரிலுள்ள கிருமிகள் அதிகாரசபைக்குச் சொந்தமானவை என்றும், பதினேழாம் இலக்கப் பங்குபற்றுனர் மூலம் எனது வீட்டுக்கு வந்தவை என்றும் ஏற்றுக்கொள்கிறேன்.' கையெழுத்து வைத்தால் சட்டிகளில் பூச்சின்னம் பொறித்துத் தயிர் விற்க அனுமதி. வைக்காவிட்டால் சபையின் கிருமிகளைக் களவாக வைத்திருந்ததாக வழக்கு. சாட்சி, பதினேழாம் இலக்கம்.

"வைக்க வேணாம் மாமி" என்றான் அபுல் ஹஸன் கதவைப் பார்த்து. "பச்சப் பொய் இது. நான் இன்னொருக்காப் போய்ச் சொல்றன். அந்த எட்டும் எங்க போனதெண்டு தேடிக் குடுத்தா..."

கதவு திறந்தது. பத்து வருசத்தில் முதல் தடவையாக மாமி முன்னறைக்கு வந்து மருமகன் முன்னால் நின்றார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அபுல் ஹஸன் எழும்பி நின்றான்.

"அத எங்கயும் தேட வேணாம். அந்த எட்டையும் நான்தான் எடுத்த" என்றார். "கமிசுக்குப் பொத்தான் தேடி ரின்னத் திறந்தன். உசிருள்ள சாமானெண்டு சொன்னாங்களே, பாப்பமெண்டு ஒவ்வொரு நாளும் ஒண்ட இடிச்சி ஒரு சிரட்டைப் பாலுக்க போட்டு மூடி வச்சன். எட்டு நாள். ஒண்டும் உறையல்ல. நாறித்தான் போச்சி. அதுக்க இரிந்ததெல்லாம் உசிரில்லாம மௌத்தாப் போன கிருமி, மருமகன்."

"எப்ப மாமி பாத்த?"

"நோன்புக்கு முந்தி."

அபுல் ஹஸன் நாட்களை எண்ணிப் பார்த்தான். நோன்பு முழுக்க, மேடையில் மாலை போட்ட அன்றும், சின்னச் சட்டியில் தயிர் போட்ட ஒவ்வொரு நாளும், மாமிக்குத் தெரிந்திருந்தது. "தெரிஞ்சும் ஏன் ஒருத்தருக்கும் சொல்லல்ல?"

"நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்களே. எங்கட வீட்டு மாப்பிள்ளைய நான் பொய்யனெண்டு சொல்லவா?"

மர்சூக் சுவரிலிருந்த பல்லியை அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமி பேனாவை வாங்கினார். "சுல்பிகாட செவரு யன்னலோட நிக்கிது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தமிழ் எழுத்து அவருக்கு வராது. குர்ஆன் ஓதப் பழகிய எழுத்தில், வலமிருந்து இடமாக, மெதுவாகத் தன் பெயரை எழுதினார். எழுதி முடித்துவிட்டுப் பத்திரத்தை மருமகன் பக்கம் தள்ளினார்.

"போடுங்க மருமகன். உங்களுக்குப் பழகின வேலைதானே."

அதில் குத்தல் ஒன்றும் இல்லை. தையற்காரனிடம் பொத்தான் தைத்துத் தரச் சொல்வது போலத்தான் சொன்னார். அபுல் ஹஸன் கையெழுத்துப் போட்டான். வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன. மாமி திரும்பிக் கதவுக்குப் பின்னால் போனார்.

றஸாக் மறுபடி பால் கொண்டுவந்தான். சட்டிகளில் ஆறிதழ்ப் பூ பதிந்தது. மேசன் வந்தான். அன்று பகல் றபீக்கா வழக்கம்போலத் தயிர் ஊற்றினாள். அபுல் ஹஸன் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தான். அது கன்னத்துக்குள் போய் நின்றது. தண்ணீர் குடித்தான். தலையை அண்ணாந்தான். தயிர்ச்சோறு தொண்டைக்குள் இறங்க மறுத்தது. கடைசியில் எழும்பிப்போய்க் கிணற்றடியில் துப்பினான். கதவுக்குப் பின்னால் காலடிச் சத்தம் வந்து, நின்று, திரும்பிப் போவது கேட்டது.

மறுநாள் பத்து மணிக்கு வரிசையில் நின்றான். புதிய கண்டுபிடிப்பின்படி குளிசை இப்போது மாதத்துக்கு ஒன்றுதான். கேள்வியும் கையெழுத்தும் மட்டும் தினமும்.

"வயிறு எப்பிடி நானா?" என்று மர்சூக் கேட்டான்.

"சரியில்ல மர்சூக். நேத்துப் பகல்ல இருந்து ஒண்டும் இறங்குதில்ல."

மர்சூக்கின் பேனா நின்றது. வரிசையை முன்னும் பின்னும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "பதினேழுக்கு அப்பிடி எழுத ஏலாது நானா. கொழும்புக்குப் போன அறிக்கை முழுக்க இந்த வயித்துலதான் நிக்கிது."

பதிவேட்டில் 'நன்று' என்று எழுதி, அவன் பக்கம் திருப்பி வைத்தான். அந்த மேசையில் அபுல் ஹஸன் தன் வயிற்றைப் பற்றிச் சொன்ன முதல் குறை அது. பேனாவை வாங்கி, 'நன்று' என்பதற்கு நேரே கையெழுத்தைப் போட்டான்.